மேசையில் பன்னிரண்டாம் நாள்

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி. மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
வரைபடம் பறக்காமல் இருக்க
ஒரு மூலையில் ஹெல்மெட், இன்னொன்றில் மைலோ டின்,
மற்ற இரண்டிலும் மிதுஷாவின் முழங்கைகள்.
கீழே அளுத்கமை ரயில் போகும்போதெல்லாம்
தெற்குப் பிரான்ஸ் சற்றே நடுங்குகிறது.

பெருஞ்சாலை வேண்டாம் என்பது முதல் தீர்மானம்.
மஞ்சள் கோடுகள், முடிந்தால் வெள்ளைக் கோடுகள்.
ஓரத்தில் பச்சை தீட்டியிருந்தால் அழகான பாதையாம்;
தீட்டியவன் எந்த வெயிலில் போனானோ.
துலூஸில் வாடகைக்கு எடுப்பது,
தார்ன் பள்ளத்தாக்கு, ஃபுளோராக், செவென் மலைகள்.
நாளுக்கு நூற்றெண்பது கிலோமீற்றர்.
"இவ்வளவுதானா?" என்றேன்.
"கடுகண்ணாவையைக் காலமையிலிருந்து பின்னேரம் வரைக்கும்
ஏறிக்கொண்டே இருந்து பார்" என்றாள்.

ஞாயிறுகளில் கிராமத்துப் பம்பில் ஆளிருக்காது.
இயந்திரம் அட்டை கேட்கும்,
எங்கள் அட்டைகளைச் சில நேரம் துப்பிவிடும்.
அவள் அதைச் சிவப்பில் எழுதினாள்.
இரண்டு இரவுகள் வரிசையில் உருட்டி உருட்டி
நான்கு லீற்றருக்கு நின்றவர்கள் நாங்கள்.
பெற்றோல் இல்லாத ஞாயிறு எங்களுக்குப் புதிதில்லை.

வாடகைக்காரன் கேட்கும் முற்பணத்தில்
என் பழைய பாஜாவைப் போல இரண்டு வாங்கலாம்.
விசாப் படிவமோ
திரும்பி வருவதற்கான காரணத்தைக் கேட்கிறது.
பாஜாவை எழுதலாமா என்று யோசித்தேன்.

நித்திரையில் லிப்டன் சுற்றுவட்டத்தை மறுவளமாகச் சுற்றுகிறேன்.
வலப்பக்கம், வலப்பக்கம் என்று முணுமுணுத்தபடி.
நேற்றுக் காலை டுப்ளிகேஷன் வீதியில்
ஒரு முச்சக்கரவண்டிக்காரர்
என் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனார்.

பதினொரு நாள் திட்டம் முடிந்த இரவு
பாரிஸிலிருந்து கௌரிதாசன் அழைத்தான், சித்தியின் மகன்.
இருபத்தினாலு வருசம்.
அவனுக்குத் தெரிந்த பிரான்ஸ்
லா ஷப்பலிலிருந்து சமையலறை வரை, நிலத்துக்குக் கீழே.
வரைபடத்தைக் கமராவில் காட்டினோம்.
கனநேரம் பேசவில்லை.

"உதாலை நான் வந்திருக்கிறன் மச்சான்.
லொறிக்குள்ள. இத்தாலிப் பக்கத்தால.
தார்ப்பாய்க்குக் கீழ பதினாலு பேர்.
பாதை வளைஞ்சு வளைஞ்சு போனது தெரியும்,
ஒரு பெடியன் என்ர காலிலேயே சத்தி எடுத்தான்.
ஒருக்கா நிப்பாட்டினவங்கள், ஒண்டுக்குப் போக.
கும்மிருட்டு. காலுக்கடியில ஏதோ பத்தை,
மிதிக்க மிதிக்க வாசம்.
ரெண்டு வருசத்துக்குப் பிறகு, கோழிக்கு மசாலா போடேக்கதான்
பேர் தெரிஞ்சுது. தைம்."

எந்த ஊர்?
தெரியாது.
எந்தப் பக்கம் கடல்?
"தார்ப்பாய்க்கு என்னடா பக்கம்?"

மிதுஷா பென்சிலைத் திருப்பி, பின்பக்க அழிப்பானால்
ஒரு ஹோட்டலை அழித்தாள்.
கூடாரம் போதும். மிச்சக் காசுக்குப் பன்னிரண்டாம் நாள்.
எல்லையிலிருந்து மேற்கே
அவள் இழுத்த கோட்டுக்கு இலக்கம் இல்லை,
மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை.
தைம் முளைக்கும் மேடு அங்கே எத்தனை ஆயிரமோ.
"நிற்கவேண்டாம், மெல்லப் போனால் காணும்" என்றிருந்தான்.

இன்று பஞ்சிகாவத்தையில், எண்ணெய்க் கையோடு இஸ்ஸதீன்
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
ஒரேயொரு கேள்வி கேட்டார்:
பின்னால் இருக்கிறவர் எத்தனை கிலோ?
தொண்ணூற்றிரண்டு.

"பின் ஸ்பிரிங்கை மூன்று சுற்று இறுக்கச் சொல்லுங்க.
இல்லாட்டி முன் லைட் மேலே தூக்கிடும்,
மரத்துக்குத்தான் வெளிச்சம், ரோட்டுக்கு இல்லை.
ராவையில மட்டும் ஓடாதீங்க."

இல்லை, என்றேன்.
அவனை ஏற்றினால் பகலில் மட்டும்.